கண்டக்டரண்ணன் குலுக்கிப் போட்ட தோட்டம்

மேடையில வீற்றிருக்கிற ஊராட்சித் தலைவர் அம்மா அவங்களுக்கும், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஐயா அவங்களுக்கும், அண்ணனோட ஒரே வண்டியில காலமெல்லாம் ஓடுன டிரைவர் தர்மன் அண்ணனுக்கும், கீழ ஜமக்காளத்துல கலந்து உக்காந்திருக்கிற ஊர்த்தெரு, காலனித்தெரு சொந்தபந்தங்களுக்கும், மாலை போட்ட படத்துக்குள்ள இருந்து நம்மளப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருக்கிற எங்க கண்டக்டரண்ணன் அய்யம்பெருமாள் அவர்களுக்கும், இந்த ஜானகியோட வணக்கம்.

நான் எட்டாங்கிளாஸ் வரைக்கும் நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல படிச்சவ. மேடைப் பேச்சு எனக்கு வராது. ஆனா பேச்சு வரும். அது உங்க எல்லாருக்கும் தெரியும், எங்கூட்டுக்காரருக்கு ரொம்ப நல்லாத் தெரியும். கல்லங்குறிச்சிப் பெருமாள நெனச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறேன். நீட்டுனேன்னா தலைமையாசிரியர் ஐயா மேசையத் தட்டுங்க, நிறுத்திக்கிறேன்.

அன்பான சனங்களே, நாம இப்ப உக்காந்திருக்கிற எடம் என்ன எடம்? ஊர்த்தெரு முடிஞ்சு, காலனித்தெரு இன்னும் ஆரம்பிக்காத எடம். ஒரு காலத்துல நெல்லடிக்கிற களம். ஊர்த்தெருக்காரங்க வயலு, காலனிக்காரங்க கூலி, ரெண்டும் சேர்ந்த எடம் இது ஒண்ணுதான். அறுப்பு மிஷின் வந்துச்சு, களத்துக்கு வேலை இல்லாமப் போச்சு, சீமைக்கருவ மண்டிப்போச்சு. அந்த முள்ளுக்காடு ரெண்டு தெருவுக்கும் வசதியாத்தான் இருந்துச்சு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டாம் பாருங்க. அந்த முள்ள வெட்டி இங்க தோட்டம் போட்டவர் யாரு? காலனித்தெருவுல பொறந்த எங்க அய்யம்பெருமாள் அண்ணன்!

அந்தத் தோட்டம் ஒண்ணா இருக்குமா, ரெண்டாப் பிரியுமா? இன்னைக்கு நம்ம முன்னாடி நிக்கிற கேள்வி அதுதான். அண்ணனைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். கடைசியில சொன்னா பாதிப்பேரு டீ குடிக்கப் போயிடுவீங்க. அண்ணனோட பாத்தி நடுத்தோட்டத்துல கெடக்கு. அதுல அண்ணனுக்குச் சிலை வைக்கணும், சுத்திக் கம்பிக்கூண்டு போடணும்னு காலனித் தம்பிகள் சொல்றாங்க. அப்படி வச்சா எங்க பக்கத்தப் பிரிச்சு வேலி போட்டுக் குடுத்துடுங்கன்னு ஊர்த்தெருவுல சில பேரு சொல்றாங்க. எது நடந்தாலும் இந்தத் தோட்டம் அண்ணன் போட்ட தோட்டமா இருக்காது. அத மனசுல வச்சுக்கிட்டு நான் சொல்றதக் கேளுங்க.

அண்ணனை எனக்கு எப்படித் தெரியும்? பஸ்லதான் தெரியும். நான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போறவ. பூக்கூடையும் கையுமா ஏறுவேன். "கூடைக்கு ஒரு சீட்டா, உங்களுக்கு ஒரு சீட்டா? பெருமாளுக்குப் போற பூவு மடியில உக்காரட்டும், அந்த அம்மா இங்க உக்காரட்டும்"னு என் பக்கத்துல யாரையாச்சும் உக்கார வச்சிடுவாரு. ஆண்டிமடம் முந்திரிக்கொட்டை மூட்டைக்காரர், கட்டுவிரியன் மாதிரி சீறுற கெழவி, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, எல்லாரும் என் பக்கத்துல உக்காந்திருக்காங்க. நம்ம காலனியில இருந்து வயசானவங்க ஏறுனா, சீட்டு காலியா இருந்தாலும் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. பழக்கம். அண்ணன் விசில் அடிக்கமாட்டாரு. "சீட்டு காலியா இருக்கையில நின்னா வண்டி நகராது"ன்னு நிப்பாரு. தர்மன் அண்ணனும் ஆக்சிலேட்டர்ல கால வைக்கமாட்டாரு. அவங்க உக்காந்தாத்தான் வண்டி கெளம்பும். ஒரு சண்டை கெடையாது, ஒரு சத்தம் கெடையாது. அதுக்கே இந்த ரெண்டு பேருக்கும் நான் கையெடுத்துக் கும்புடணும்.

ரிட்டயர் ஆனாரு. மத்தவங்க ரிட்டயர் ஆனா என்ன பண்ணுவாங்க? கட்டில்ல படுப்பாங்க, டீவி பாப்பாங்க, மருமவளக் கொறை சொல்லுவாங்க. அண்ணன் அருவாளத் தூக்கிக்கிட்டுக் களத்துக்கு வந்துட்டாரு. நான் கோயிலுக்குப் போறப்பப் பாக்குறேன், முள்ளு வெட்டிக்கிட்டிருக்காரு. திரும்பி வர்றப்பவும் வெட்டிக்கிட்டிருக்காரு. "என்னண்ணே, வெறகுக்கா?"ன்னேன். "வெண்டைக்காய்க்கு, ஜானகி"ன்னாரு. வெயிலு தலைக்கு ஏறிடுச்சு போலன்னு நெனச்சுக்கிட்டு நான் போயிட்டேன். பொறவு தர்மன் அண்ணன் வந்தாரு, காலனித் தம்பிகள் வந்தாங்க, ஊராட்சியில சொல்லி வேரப் புடுங்க ஜேசிபி வந்துச்சு. ஊர்த்தெருக்காரங்க? வேடிக்கை பாக்க வந்தோம். வேடிக்கை பாத்துக்கிட்டே பாத்தி கேட்டோம். ஏன் கேட்டோம்? பொறம்போக்கு எடம், கேக்கலைன்னா நம்ம பங்கு போயிடுமேன்னு கேட்டோம். வேற நல்ல எண்ணம் ஒண்ணும் கெடையாது. அண்ணன் அதையும் சந்தோஷமாத்தான் ஏத்துக்கிட்டாரு.

மொத வருசம் என்ன ஆச்சு? ஊர்த்தெரு பக்கம் ஊர்த்தெருக்காரங்க பாத்தி. காலனிப் பக்கம் காலனிக்காரங்க பாத்தி. நடுவுல ஒரு வரப்பு. வரப்புன்னா சும்மா வரப்பா? டிராக்டர் போவும். ஒரு முள்ளுக்காட்ட வெட்டிட்டு அதே ஊரத் திரும்பவும் மண்ணுல கட்டி வச்சிருந்தோம். தண்ணி மொதல்ல யாருக்குன்னு சண்டை. அந்தப் பக்கத்து ஆடு இந்தப் பக்கம் மேஞ்சிடுச்சுன்னு சண்டை. காய் காய்ச்சுதோ இல்லையோ, சண்டை நல்லாக் காய்ச்சுது.

அடுத்த ஆடிப்பதினெட்டுக்கு அண்ணன் ஒரு எவர்சில்வர் குண்டானத் தூக்கிக்கிட்டு வந்தாரு. உள்ள எல்லாரு பேரும் சீட்டுல எழுதிப் போட்டிருக்கு. "பஸ்ல ஏறுறப்ப பக்கத்துல யாரு உக்காருவாங்கன்னு கேட்டுட்டா ஏறுறீங்க? குலுக்குவோம். வந்த எடத்துல வெதைங்க. வருசா வருசம் குலுக்குவோம்"னுட்டாரு. அதோட இன்னொண்ணும் சொன்னாரு. வெதைச்சவங்க தன் பாத்தியில தானே பறிக்கக்கூடாது. பக்கத்துப் பாத்திக்காரங்கதான் பறிக்கணும், பறிச்சு வெதைச்சவங்க கையில குடுக்கணும். களவு போச்சுன்னு பேச்சே வராது. பேசாம இருக்கவும் முடியாது. வெண்டைக்கா ரெண்டு நாள் வுட்டா முத்திப்போவும் பாருங்க. கோவமா இருந்தாலும் கூப்புட்டுத்தான் ஆவணும்.

குலுக்குனா அண்ணன் பாத்திக்குப் பக்கத்துப் பாத்தி யாருக்கு வந்துச்சு? எங்க எதுத்தூட்டுக் குருநாதன் அண்ணனுக்கு!

சிரிக்காதீங்க. அவரு மொத வரிசையிலதான் உக்காந்திருக்காரு. இந்தக் கதைய இன்னைக்குச் சொல்லட்டுமான்னு அவருகிட்டயே கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்ச கதை, நீ சொல்லலைன்னா தர்மன் சொல்லுவான், அவன் கூட்டிச் சொல்லுவான், நீயே சொல்லு"ன்னாரு. அதனால சொல்றேன்.

மொத பறிப்பு. குருநாதன் அண்ணன் பாத்தியில கத்திரிக்கா. கண்டக்டரண்ணன் பறிச்சு, ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்தாரு. குருநாதன் அண்ணன் கைய நீட்டல.

"அங்க வரப்பு மேல வையி. நான் எடுத்துக்கறேன்."

காலனித் தம்பிகள் மண்வெட்டிய இறுக்கிப் புடிச்சுட்டாங்க. கண்டக்டரண்ணனுக்குக் கோவம் வரல. வந்திருந்தாலும் காட்டல.

"ஏண்ணே, இத்தினி வருசம் என் வண்டியில வந்தீங்க. டிக்கெட்ட சீட்டு மேலயா வச்சேன்? என் கையாலதான வாங்குனீங்க?"

"அது கவர்மென்ட் பஸ்ஸுய்யா."

"இதுவும் கவர்மென்ட் பொறம்போக்குதாண்ணே."

மொதல்ல சிரிச்சது யாரு தெரியுமா? குருநாதன் அண்ணன் சம்சாரம் ராசாத்தி. அந்தக் கோவத்துலயே அவரு துண்ட ஒதறிக்கிட்டுப் போயிட்டாரு. ராசாத்தி நேரா போயி, "குடுங்க தம்பி, கொழம்புக்கு நேரமாச்சு"ன்னு கையில வாங்கிக்கிட்டா. ராசாத்தி, இந்த ஊரு உனக்கும் கடன்பட்டிருக்கும்மா.

குருநாதன் அண்ணன் தோட்டத்துக்கே வரல. அதுக்கு நம்ம அண்ணன் என்ன பண்ணாரு? பறிக்கறதப் பறிச்சுத் தூக்கிக்கிட்டு ஊர்த்தெருவுக்கே வந்துட்டாரு. வாசல்ல நின்னு, பஸ்ல ஸ்டாப் சொல்ற மாதிரி, "குருநாதன் அண்ணன் வூடு! கத்திரிக்கா எறங்குது!"ன்னு கத்துவாரு. நான் எதுத்த வூட்டுல இருந்து பாத்துக்கிட்டிருப்பேன். ராசாத்தி வந்து வாங்கிக்குவா. அடுத்த பறிப்புக்கும் வந்தாரு. அதுக்கு அடுத்ததுக்கும் வந்தாரு. தெருவுல புள்ளைங்கல்லாம் அவரு கூடச் சேர்ந்து கத்த ஆரம்பிச்சுடுச்சுங்க. ஒரு நா ராசாத்தி வூட்டுல இல்ல. அண்ணன் கத்துறாரு, புள்ளைங்க கத்துதுங்க. உள்ள இருந்து குருநாதன் அண்ணன் வந்தாரு. "யோவ், மானத்த வாங்காதய்யா, குடு இங்க"ன்னு கைய நீட்டிட்டாரு.

நீட்டுன கைய அவரு மடக்கல, சனங்களே. அந்தக் கோடையில கொழாய்த் தண்ணி வத்திப்போனப்ப, தன்னோட போர்ல இருந்து தோட்டத்துக்கு ஓஸ் இழுத்து வுட்டது யாரு? அவருதான். போன ஆடியில குலுக்குனப்பத் திரும்பவும் இவங்க ரெண்டு பேரு பாத்தியும் பக்கத்துப் பக்கத்துல வந்துச்சு. "கண்டக்டரு குண்டான்ல ஏதோ வேலை பண்றான்யா"ன்னு பொலம்பிக்கிட்டே ஓடிப்போயி மண்ணக் கொத்த ஆரம்பிச்சாரு.

அப்பறம் பிரவீணாவச் சொல்லணும். அந்தப் பொண்ணு வண்டியில அடிபட்டுச் சக்கர நாற்காலியில இருக்கு. நாங்கல்லாம் எரக்கப்பட்டு, கேட்டுக்குப் பக்கத்துல சிமெண்டுத் தளம் போட்டு, அதுக்குன்னு தனியா ஒரு பாத்தி குடுத்துடலாம்னு பேசுனோம். நல்ல எண்ணந்தான். பிரவீணா என்ன சொல்லுச்சு? "எனக்குன்னு ஓரமாப் போடாதீங்க மாமா. என் பேரையும் குண்டான்ல போடுங்க"ன்னுச்சு. அண்ணன் எங்க பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? இவ சீட்டு எங்க வேணா வுழும். அப்ப எல்லா வழியும் இவ சக்கரம் போற அகலத்துக்கு இருக்கணும்"னாரு. அவ்வளவுதான், இருந்த பாத்தியெல்லாம் கலைச்சுத் திரும்பக் கட்டுனோம். முணுமுணுத்துக்கிட்டேதான் கட்டுனோம். பாத்தியையும் ஹாலோ பிளாக் வச்சு நாற்காலி ஒசரத்துக்குத் தூக்குனோம். இன்னைக்கு யாருக்கு வசதி? முழங்கால் வலிக்காரி எனக்குத்தான் வசதி! குனியாம களை எடுக்கறேன். பிரவீணா, நீ அன்னைக்கு வாயத் தொறந்ததுக்கு நன்றிம்மா. உன் பேச்சக் கேட்ட அந்த மனுசனுக்கும் நன்றி.

என் பாத்திக்குப் பக்கம் இந்த வருசம் இருசம்மா அண்ணி பேருக்கு வுழுந்த பாத்தி. கண்டக்டரண்ணன் சம்சாரம். நான் வேற என்ன போடுவேன், பாதிக்குத் துளசிதான். சட்டப்படி அண்ணிதான் பறிச்சுக் குடுக்கணும். எங்க தெருவுல ஒருத்தவங்க, பேரு வேணாம், என்னைத் தண்ணிக்கொழாய்கிட்ட நிறுத்தி, "ஏன் ஜானகி, அவ கையால வாங்குன துளசியவா பெருமாளுக்குக் கொண்டு போற?"ன்னாங்க. "ஆமாக்கா, பெருமாளு இன்னும் ஒண்ணையும் திருப்பி அனுப்பல"ன்னேன். நெலத்துல வெளைஞ்ச மொத தானியத்தக் கொண்டுபோயி அவரு காலடியில கொட்டுறோமே, நாத்து நட்டது யாரு கையி, அறுத்தது யாரு கையின்னு என்னைக்காச்சும் கேட்டிருக்காரா? அவரு கேக்காதத நாம ஏன் கேக்கணும்?

இப்படித் தோட்டத்தக் கொடுத்த மனுசன், வைகாசியில ஒரு நா காலையில, தண்ணி பாய்ச்சிட்டு நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு. அரியலூரு ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாரு. அவரு தலையத் தன் மடியில வச்சுக்கிட்டு ஆட்டோவுல போனது குருநாதன் அண்ணன். அத நான் விவரமாச் சொல்ல மாட்டேன். என்னால முடியாது. அவராலயும் கேக்க முடியாது. அன்னைக்கு எங்க தெருப் பொம்பளைங்க, கல்யாணமாகி வந்த நாள்லருந்து காலனிக்குள்ள கால் வைக்காதவங்க, வரிசையா அண்ணன் வூட்டுக்கு வந்து இருசம்மா அண்ணியக் கட்டிக்கிட்டு அழுதாங்க. வழி கேக்காம வந்தாங்க. தோட்டத்துக்குள்ள பூந்து வந்தா காலனித்தெரு எவ்வளவு கிட்டன்னு அன்னைக்குத்தான் பல பேருக்குத் தெரிஞ்சுது.

இப்ப நான் காலனித் தம்பிகள்கிட்டப் பேசறேன். அறிவழகா, நீ அண்ணனோட தங்கச்சி மவன், நீதான் இந்தச் சிலைப் பேச்சுக்கு மொதல்ல நின்னவன். கோவப்படாமக் கேளுப்பா. உன் மாமனுக்கு ஒரு பேரு நிக்கணும்னு நீ கேக்கறது தப்பே இல்ல. எத்தினி தலைமுறையா இந்த மண்ணக் கொத்துனவங்க, ஒருத்தர் பேரும் எங்கயும் எழுதி இல்ல. உனக்கு ஆத்திரம் இருக்கும். நியாயம். ஆனா நாம போற வர்ற ரோட்டுல எத்தினி சிலை கூண்டுக்குள்ள நிக்கிதுன்னு நீயே பாக்குற. நல்லவங்கதான், பெரியவங்கதான், எல்லாரும் கம்பிக்குப் பின்னாடி நிக்கிறாங்க. ஏன்? நம்ம சண்டைக்குப் பயந்து. இங்க ஒரு கூண்டு வந்தா, எதுத்தாப்ல இன்னொரு கூண்டு வரும். ரெண்டு கூண்டுக்கும் நடுவுல ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உக்காருவாரு. வெண்டைக்கா எங்க போடறது?

ஊர்த்தெருக்காரங்களே, நீங்க தலையாட்டாதீங்க. உங்களுக்கும் இருக்கு. சிலைன்னு ஒரு பேச்சு வந்தவொடனே வேலிக் கல்லு எங்க கெடைக்கும்னு வெசாரிச்சுட்டு வந்தீங்களே, அந்த மனசு அதுக்குள்ள எங்க இருந்துச்சு? இத்தினி வருசம் அவரு கையால வாங்கித் தின்னுட்டு, அவரு பேர ஒரு பலகையில பாக்கறதுக்கு மட்டும் கண்ணு கூசுதா?

என் நாயம் உங்க நாயம் எல்லாத்தையும் வுடுங்க. நேத்து சாயங்காலம் இருசம்மா அண்ணியப் போயிப் பாத்தேன். யாரு யாரோ முடிவு பண்ணிக்கிட்டிருக்கோமே, அவங்ககிட்ட யாராச்சும் கேட்டோமா? அடுப்பு முன்னாடி உக்காந்திருந்தாங்க. நான் கேட்டேன். வெறக உள்ள தள்ளி வுட்டாங்க. பொறவு சொன்னாங்க.

"செலை வச்சா வருசத்துக்கு ஒரு நா மாலை போட வருவாங்க. மத்த நாளெல்லாம் கூண்டுக்குள்ள ஒத்தையா நிக்கணும். அந்த மனுசன் ஒத்தையா ஒக்காந்து ஒரு வாய் சோறு தின்னது இல்லியே ஜானகி."

அண்ணி, நீங்க சொன்னத நான் சபையில சொல்லிட்டேன். தப்புன்னா மன்னிச்சுக்குங்க.

பாத்திய என்ன பண்றதுன்னு கேட்டேன். "குண்டான்ல போட்டுக் குலுக்குங்க, யாருக்கு வருதோ வரட்டும்"னாங்க. நான் கொஞ்சம் தயங்குனேன், அவரு வெதைச்ச மண்ணாச்சேன்னு. தர்மன் அண்ணன் அங்கதான் இருந்தாரு. அவரு சொன்னாரு, பஸ்ஸு ஸ்டாண்டுல ஜன்னல் வழியாத் துண்டப் போட்டு எடம் புடிப்பாங்க இல்ல, அந்தத் துண்டப் பாத்தாலே அண்ணனுக்கு ஆவாதாம். எடுத்து மடிச்சுக் கையில குடுத்துட்டு, "ஆளு உக்காந்தாத்தான் சீட்டு"ம்பாராம். அவரு பாத்தியில மட்டும் நாம துண்டப் போட்டு வைக்கலாமா? சொல்லுங்க, வைக்கலாமா?

அதனால இந்த அவையில நான் கேட்டுக்கறது இதுதான். வர்ற ஆடிப்பதினெட்டுக்கு நாம குலுக்குறோம். அண்ணன் பாத்தியும் குலுக்கல்ல வருது. வேலி கெடையாது, கூண்டு கெடையாது. இந்தத் தோட்டம் மொத்தமும், ஊர்த்தெரு வாசலு, காலனி வாசலு ரெண்டு வாசல்லயும், "கண்டக்டர் அய்யம்பெருமாள் தோட்டம்"னு பேரு எழுதி நிக்கும். எங்க தெருக்காரங்க அந்தப் பேருக்குக் கீழ நொழைஞ்சுதான் கத்திரிக்கா பறிக்க வரணும். சம்மதமில்லாதவங்க இப்பவே எந்திரிச்சுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்.

யாரும் எந்திரிக்கல. பெருமாளே, உனக்குக் கோடி நன்றி.

அண்ணே, உங்களுக்கும் நன்றி. பக்கத்துல யாருன்னு கேக்காம உக்கார வச்சீங்க, நன்றி. எங்க கோவத்த வாசல் வரைக்கும் வந்து வாங்கிக்கிட்டீங்க, நன்றி. நீங்க வுட்டுட்டுப் போன வேலைய நாங்க பாக்கறோம். குண்டான் என்கிட்டதான் இருக்கு, லொடலொடன்னு பேசுவேனே தவிர, குலுக்குறதுல குறை வைக்க மாட்டேன்.

அறிவழகா, கூண்டுக்குன்னு நீங்க காசு போட்டு வாங்குன கம்பி கேட்டுக்குப் பக்கத்துல எறங்கிக் கெடக்கு. திருப்பி அனுப்ப வேணாம்பா. ரெண்டு வாசல்லயும் வளைவாட்டம் பந்தல் கட்டுவோம். மேல பேரு, அதுக்கு மேல பீர்க்கங்கொடி ஏறட்டும். ஒரு முனைய நீ தூக்கு. இன்னொரு முனைக்கு ஆள் தேட வேண்டியதில்ல. நான் பேசி முடிக்கறதுக்குள்ள குருநாதன் அண்ணன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கம்பிகிட்டப் போயிட்டாரு பாரு. கம்பி கனம், அவருக்கும் வயசாச்சு. ஓடுப்பா.